தொட்டிப்பாறைக்கு மேலே ஒரு கோரை

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, என் மாணவி ஒருத்தி மலையிலிருந்து கொண்டுவந்த செடியின் தண்டில் அவள் கட்டியிருந்த சீட்டை நான் கத்தரித்து எடுத்தேன். அந்தச் செடி வேறொரு மலையில் கிடைத்தது என்று பொய்யாக ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். அதனால் அவள் படிப்பு நின்றது. இதை நான் தெரிந்தே செய்தேன்.

அப்போது நான் திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவள் பெயர் அம்சவேணி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் கடலையும் போடும் குடும்பம். எம்.ஃபில். ஆய்வுக்காக மலையின் மேற்குச் சரிவில், அடி அண்ணாமலைக்கு மேலே, செடிகள் சேகரித்தாள். ஒருநாள் ஒரு கோரையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். வயலிலும் ஏரியிலும் நிற்கிற கோரை அல்ல. மர நிழலில், இலைமட்கில், ஈரம் கசிகிற இடத்தில் வளரும் காட்டுக் கோரை. கேரெக்ஸ் என்று அந்தப் பேரினத்துக்குப் பெயர். குளிர்ந்த உயர்ந்த மலைகளில் அது சாதாரணம். எங்கள் மலை வெயிலில் காய்கிற பாறை மலை. இங்கே அது கிடையாது என்று நான் வெளியிட்ட தாவரப் பட்டியலில் அடித்துச் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டியலைக் காட்டித்தான் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன்.

அவள் கொண்டுவந்ததை லென்ஸில் பார்த்தேன். பழம் முற்றியிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவதாக இருந்தார். என் பட்டியலைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர் அவர்.

தேர்வு அறையில், ‘ஜவ்வாது மலையில் எடுத்ததை இந்த மலையில் எடுத்ததாகக் காட்டியிருக்கிறாய் அல்லவா?’ என்று நானே கேட்டேன். அந்த மாதம் மாணவர்கள் எல்லோரும் ஜவ்வாது மலைக்குப் போய் வந்திருந்தார்கள், அவளும்தான். அவள் செடி ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். அங்கே என் கையெழுத்தில் ‘ஜவ்வாது மலை’ என்றிருந்தது. ‘சீட்டு கட்டியிருந்தேன் சார்’ என்று மட்டும் சொன்னாள். அதையே இரண்டாம் முறையும் சொன்னாள். ஆய்வேடு நம்பத்தக்கதல்ல என்று தேர்வாளர் எழுதிவிட்டுப் போனார். அவள் பிறகு வரவில்லை.

செடிகளை உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டிப் பாதுகாக்கிற அறையை ஹெர்பேரியம் என்போம். அங்கே ஒரு நடைமுறை உண்டு. முன்னால் ஒருவர் எழுதிய சீட்டு எவ்வளவு தவறாக இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டி, சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதை ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். வெட்டிய சீட்டை எரிக்கவும் கை வரவில்லை. என் பட்டியல் நூலுக்குள்ளேயே செருகி வைத்திருந்தேன். அது என்னோடு கடல் கடந்தும் வந்தது.

பத்து ஆண்டுகளாக மகளோடு இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டுக்குப் பின்னால் ஓக் மரக் காடு. போன ஆண்டு ஜூன் மாதம் அங்கே நடக்கும்போது செருப்பின் வார் அவிழ்ந்தது. குனிந்தவன் ஒரு கோரையின் தண்டைப் பிடித்துவிட்டேன். பழக்கத்தில் விரல்கள் அதை உருட்டின. புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். கோரைக்கு மூன்று பட்டை. அந்த மூன்று பட்டைகளும் விரலில் தட்டியபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோய்க் கையைப் பிடித்தாள். தலைசுற்றல் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

அதற்குப் பிறகு ஒரே பயம். செத்துப்போவதைப் பற்றியல்ல, அந்தச் சீட்டு என் நூலுக்குள் இருக்கும்போதே செத்துப்போவதைப் பற்றி. தை மாதம் வரை தள்ளிப்போட்டேன். மழை முடிந்து அந்தக் கோரைக்குப் பழம் முற்றுகிற மாதம் அதுதான். பழம் முற்றாமல் எந்தக் கேரெக்ஸையும் இன்னதென்று சொல்ல முடியாது. கிளம்புமுன் பழைய சகா ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். அம்சவேணி கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில் நடத்துவதாகச் சொன்னார்.

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்து. நெடுஞ்சாலை அகலமாகியிருந்தது. இங்கிலாந்தில் எங்கள் சிற்றூர்ப் பேருந்தில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், ஓட்டுநருக்கு நன்றி சொல்வதைத் தவிர. இங்கே திண்டிவனம் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் என் வயது, சர்க்கரை அளவு, மகளின் வேலை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். எதற்கு வந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ‘சாமி பாக்கத்தானே?’ என்றார். தலையாட்டினேன்.

செஞ்சி தாண்டியதும் பேருந்தின் அடியில் ஏதோ அறுந்து இழுபடும் சத்தம். ஓட்டுநர் மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு கடைத்தெருவில் நிறுத்தினார். பெயர்ப்பலகையைப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூர்.

‘எல்லாரும் எறங்குங்க. பெல்ட்டு பூட்ச்சி. மெக்கானிக் வந்துக்கினு இருக்காரு’ என்றார் நடத்துநர்.

எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

‘பெரியவரே, எறங்கி ஒரு டீ சாப்டுங்க. ஒரு மணி நேரம் ஆவும். உள்ள வெந்துடுவீங்க.’

‘பரவாயில்லை.’

‘இன்னா பரவால்ல? வேர்வ ஊத்துது பாருங்க. கால் வலியா? தூக்கி விடட்டா?’

கால் வலி என்று ஒப்புக்கொண்டேன். சன்னல் வழியே எனக்கு டீயும் ஒரு மசால் வடையும் கொண்டுவந்து கொடுத்தார். வடை சூடாக, சோம்பு மணத்தோடு இருந்தது. பத்து ஆண்டுகளாக அப்படி ஒன்றுக்கு ஏங்கியிருக்கிறேன், ஆனால் ஒரு கடி கடித்துவிட்டுக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன். தெருவில் போன அறுபது வயதுப் பெண்கள் ஒவ்வொருவரையும் அவள்தானோ என்று பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். எங்கிருந்தோ கடலைப் பிண்ணாக்கின் வாசனை வந்துகொண்டிருந்தது. பேருந்து மீண்டும் கிளம்பியபோதுதான் கையிலிருந்த டீ ஆறிவிட்டது தெரிந்தது.

மறுநாள் காலை விடுதிக்குப் பக்கத்து உணவகத்தில் இட்லி சாப்பிட்டேன். அடுத்த மேசையில் வெள்ளைக்காரப் பெண்கள் இருவர். ஒருத்தி மற்றவளிடம் ஆங்கிலத்தில், ‘இந்த மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பயம் எல்லாம் தானாகப் போய்விடுகிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே மலை முழுதாகத் தெரிந்தது. நான் இடம் மாறி அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

கல்லூரிக்கு ஆட்டோவில் போனேன். ஹெர்பேரியத்தை இப்போது பார்த்துக்கொள்பவர் நஸ்ரீன் என்ற பேராசிரியை. முப்பத்தைந்து வயதிருக்கும். என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். ‘சார், உங்க பட்டியல வச்சித்தான் நாங்க படிச்சோம்’ என்றார். அந்த வரவேற்பைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கோரை ஒட்டிய தாளைக் கேட்டேன். பச்சை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். பூச்சி உருண்டை வாசனை. செடி பழுப்பாகியிருந்தாலும் ஓர் இலைகூட உதிரவில்லை, அவள் அவ்வளவு கவனமாக உலர்த்தியிருந்தாள். தண்டின் நடுவில் நூல் இறுக்கிய தடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. கீழே வலது மூலையில் என் அழகான ஆங்கிலக் கையெழுத்து.

‘இது ஒரு தலைவலி பிடிச்ச ஷீட்டு சார்’ என்றார் நஸ்ரீன். ‘இத நம்பி என் ஸ்டூடண்ட் ஒருத்தி ரெண்டு வருசம் ஜவ்வாது மலையில தேடினா. நீங்க எழுதியிருக்கிற எடத்துல அப்படி ஒரு ஓடையே இல்லன்னு சொல்றாங்க அங்க இருக்கிறவங்க. மூணாவது தடவ போனப்ப பாறையில வழுக்கி கால் ஒடிஞ்சிது. தலைப்பையே மாத்திட்டா பாவம்.’

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தியோடு முடிந்த பாவம் என்று நினைத்திருந்தேன். அது அலமாரிக்குள் உட்கார்ந்து இத்தனை ஆண்டும் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘இது இந்த மலையிலேயே இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். பார்க்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னேன். மலையில் அனுமதியில்லாமல் ஏறக் கூடாது. வனத்துறைக்கு நஸ்ரீன் கடிதம் எழுதினார். அனுமதி வர இரண்டு நாள் ஆயிற்று.

அந்த இரண்டு நாளும் எனக்கு இரண்டு பயம். செடி அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. நெருப்பிலோ வறட்சியிலோ அழிந்திருந்தால், பொய் சொன்னவனின் வாக்குமூலம் மட்டும்தான் மிஞ்சும், அதை யார் நம்புவார்கள்? செடி இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. இருந்துவிட்டால் நான் கீழ்பென்னாத்தூர் போயாக வேண்டும்.

நான்காம் நாள் காலை அடி அண்ணாமலையில் முனுசாமி எனக்காகக் காத்திருந்தார். அந்த ஊர்க்காரர். கோடையில் மலையில் தீப்பிடித்தால் அணைக்கிற காவலர் வேலை. ஐம்பது வயது, காலில் செருப்பில்லை, இடுப்பில் கொடுவாள்.

‘இன்னா சார் தேடப் போறோம்? மூலிகையா?’

‘ஒரு கோரை.’

‘கோரையா? அதுக்கா இந்த வயசுல மல ஏறுறீங்க? எங்க ஏரிக்கு வாங்க, இடுப்பளவு நிக்குது. பாய் மொடையலாம்.’

‘இது நிழலில் வளரும் கோரை. காட்டில் மட்டும்தான் இருக்கும்.’

‘நெழல்ல கோரையா’ என்று சொல்லி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையில் தண்ணீர் ஜாஸ்தியாக எடுத்துக்கொண்டார்.

என் சட்டைப் பையில் அம்சவேணியின் சீட்டு இருந்தது. தீப்பெட்டி அளவு அட்டை, பென்சில் எழுத்து. ‘இதையும் தமிழில்தான் எழுதுவாயா?’ என்று ஒருமுறை அவளைக் கடிந்திருக்கிறேன். அதை முனுசாமிக்குப் படித்துக் காட்டினேன். ‘எண் 112. அடி அண்ணாமலைக்கு மேல் ஓடை. தொட்டிப்பாறைக்கு இருபதடி மேலே. கல்லிச்சி வேர் இறங்குகிற பாறையின் வடக்குப் பக்கம். உச்சி வெயிலும் படவில்லை. இலைமட்கு, காலுக்கடியில் தண்ணீர் சத்தம்.’

‘தொட்டிப்பாறையா?’ முனுசாமி உடனே திரும்பினார். ‘அப்ப இந்தப் பக்கம் இல்ல சார், வாங்க. மாடு தண்ணி குடிக்கிற பாறை. இத எழுதினது யாரு? எங்க ஊரு ஆளா?’

நான் சீட்டைப் பைக்குள் வைத்தேன். என் ஆங்கிலச் சீட்டை நம்பிய ஒரு பெண் இல்லாத ஓடையைத் தேடிக் காலை ஒடித்துக்கொண்டாள். இந்தப் பென்சில் எழுத்தைக் கேட்ட மனிதர் ஒரு நொடியில் வழி மாற்றிவிட்டார்.

ஏற்றம் எனக்குப் பெரும்பாடு. இங்கிலாந்துக் காட்டில் நடைபாதைக்குக் கைப்பிடி போட்டிருப்பார்கள். இங்கே உருளும் கல்லும் சப்பாத்திக் கள்ளியும்தான். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் காதில் கேட்டது. ஒரு சரிவில் கால் வழுக்கி இரண்டடி சறுக்கினேன். முனுசாமி என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

‘சார், நீங்க இங்க பூட்டீங்கன்னா எனக்குத்தான் பேப்பர் வேலை. உக்காந்து மூச்சு வுடுங்க.’

அதற்கு மேலே சரிவு கருகிக் கிடந்தது. புதர்களின் கரிக்கட்டைகள். போன கோடையில் பிடித்த தீ என்றார். ‘ஓடை வரைக்கும் வந்ததா?’ என்று கேட்டேன்.

‘ஓடைக்குள்ள எறங்கல. ஆனா அந்தாண்ட பக்கம் நான் பாக்கல சார்.’

தொட்டிப்பாறை வந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர், ஒரு கன்றுக்குட்டியின் குளம்புத் தடம். அதற்கு மேலே ஓடை குறுகி, இரு பக்கமும் மரங்கள் கூடி, திடீரென்று குளிர்ந்தது. முதலில் நிழலில் ஒரு பச்சைத் தூரைக் கண்டு முட்டி போட்டேன். தண்டை உருட்டினேன். உருண்டை. வெறும் புல். இன்னொன்றைக் கண்டேன். மூன்று பட்டை இருந்தது, ஆனால் அது தண்ணீர் ஓரத்தில் வெயில் விழுகிற திட்டில் நின்ற வயல் கோரை, ஓடை வழியாக மாடு கொண்டுவந்திருக்கும். ‘இல்லை போலிருக்கிறது’ என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி வந்ததையும் இங்கே எழுதியாக வேண்டும்.

‘கல்லிச்சி வேருன்னு படிச்சீங்களே’ என்று முனுசாமி மேலே கை காட்டினார். பாறைமேல் வளரும் கல்லிச்சி மரத்தின் வெள்ளை வேர்கள் பாறையை முழுதாகத் தழுவி இறங்கியிருந்தன. அதன் வடக்குப் பக்கம் போனோம். காலுக்கடியில், கல்லுக்குக் கீழே எங்கோ, தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

அங்கே இருந்தது. இலைமட்கில், கரும்பச்சையாக, தூர் தூராக. இலைகள் மூன்று வரிசையில் கிளம்பி வளைந்து தொங்கின. நடுவில் மெல்லிய தண்டுகள். ஒன்றை விரலில் உருட்டினேன். மூன்று பட்டை. லென்ஸை வைத்தேன். மற்றக் கோரைகளில் பழம் திறந்து கிடக்கும். கேரெக்ஸில் மட்டும் ஒவ்வொரு பழமும் தனித்தனியாகச் சிறு குடுவைக்குள் மூடிக்கிடக்கும், குடுவைக்கு மேலே ஒரு மூக்கு. இங்கே குடுவைகள் முற்றிப் பழுப்பேறியிருந்தன. இதே குடுவைகளை, இதே லென்ஸில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்தேன்.

‘இன்னா சார், நெஞ்சு வலியா?’ முனுசாமி என் தோளைப் பிடித்தார். ‘புல்லப் பாத்து அழுவுறீங்க?’

‘கோரை’ என்றேன்.

‘சரி, கோரையப் பாத்துத்தான் அழுவுங்க. தண்ணி குடிங்க மொதல்ல.’

அனுமதியில் இருந்தபடி ஒரே ஒரு தண்டை எடுத்துச் செய்தித்தாளில் வைத்து மடித்தேன். இறங்கும்போது ஏறியதைவிடப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கீழ்பென்னாத்தூர். இந்த முறை பேருந்து பழுதாகவில்லை. மில்லைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, சத்தமே வழி காட்டியது. வாசலில் கடலைப் பருப்பு மூட்டைகளோடு நாலைந்து விவசாயிகள். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் பெயரெழுதிய அட்டைச் சீட்டு கட்டியிருந்தது. ஓர் அம்மாள் இன்னொரு மூட்டையை அவிழ்த்து அதே பெயர் எழுதிய இரண்டாவது சீட்டை உள்ளே பருப்புக்குள் புதைத்தார். நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி, தோளில் எண்ணெய்க் கறை படிந்த துண்டு. அம்சவேணி. இனி அவள் என்று எழுதக் கூடாது. அவர்.

‘இந்தம்மா கிட்ட மட்டும்தான் மூட்டைக்கு ரெண்டு சீட்டு’ என்று ஒரு விவசாயி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ‘வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. வெளிய இருக்கிறத எவனாச்சும் அவுத்துட்டான்னா?’

‘எவன் அவுக்கப் போறான், கடலப் பருப்புக்கு?’ என்று மற்றவர் சிரித்தார்.

எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. கால் ஓடுகிற கால் இல்லை. அதனால் நின்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துண்டால் துடைத்து மறுபடி பார்த்தார். ‘சார்’ என்று உதடு அசைந்தது. இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. நான் பேசத் தொடங்கினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்.

‘கேக்கல சார்! சத்தமா சொல்லுங்க!’ என்று காதில் கை வைத்தார்.

உரக்கச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூச்சை இழுத்து, உள்ள பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அந்த நொடியில் மின்சாரம் போனது. இயந்திரம் நின்றது. ‘ஒங்க சீட்ட வெட்டினது நான்தான்! தெரிஞ்சேதான் பொய் எழுதினேன்!’ என்ற என் குரல் மட்டும் கடைத்தெரு வரை போயிற்று.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘இன்னாது, சீட்ட வெட்டிட்டாரா? என் மூட்டையதா?’ என்று அந்த விவசாயி எழுந்தார்.

‘ஒங்க மூட்டையது இல்லண்ணே. உக்காருங்க’ என்றார் அம்சவேணி. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

என்னை ஒரு மூட்டைமேல் உட்காரச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். நெடுநேரம் படித்தார். பிறகு செய்தித்தாளைப் பிரித்து நான் கொண்டுவந்த தண்டைப் பார்த்தார்.

‘எங்க?’

‘தொட்டிப்பாறைக்கு இருபதடி மேலே. நீங்க எழுதின அதே எடம்.’

‘அன்னிக்கு நான் கொண்டாந்ததுல, பழம் முத்தியிருந்துச்சா சார்?’

இதைத்தான் முதலில் கேட்டார். ‘முத்தியிருந்தது’ என்றேன். ‘நான் பார்த்தேன்.’

அவர் எதிரே உட்கார்ந்தார். ‘நான் பாத்தது தப்போன்னு நெனச்சேன் சார். அந்த மாசம் ஜவ்வாது மலைக்கும் போனோம் இல்ல. ரெண்டு மலைச் செடியையும் நான்தான் கலந்துட்டேனோன்னு. எங்கப்பா சொன்னாரு, காலேஜு வாத்தியாரு பொய் சொல்வாரா, நீதான் மாத்தி வச்சிருப்பன்னு. சித்திரையில ஒருக்கா தனியா மலை ஏறிப் பாத்தேன். ஓடை காஞ்சி கெடந்துச்சி. இலை எல்லாம் சருகு. இதுதானா அந்த எடம்னே தெரியல. சரி, நம்ம கண்ணுமேல நம்பிக்கை வைக்கக் கூடாதுன்னு எறங்கிட்டேன்.’ மூட்டைகளைக் காட்டினார். ‘அதுலருந்து எல்லாத்துக்கும் ரெண்டு சீட்டு. எங்க வீட்டுக்காரரு கூட கிண்டல் பண்ணுவாரு. எனக்கே காரணம் மறந்து போச்சி.’

நான் கைகூப்பினேன். அவர் அதைப் பார்க்காததுபோல எழுந்தார். ‘இவங்க பருப்ப ஆட்டி முடிக்கணும். வெள்ளிக்கிழம காலேஜுக்கு வர்றேன். நீங்க அங்க இருக்கணும் சார். ஊருக்கு ஓடிப் போயிடக் கூடாது.’

மின்சாரம் வந்தது. பிறகு ஒன்றும் பேச முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே நஸ்ரீனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. அலமாரியின் சாவியை மேசையிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது.

அம்சவேணி பத்து மணிக்கு வந்தார். தாளின் முன் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பித்தளை லென்ஸை எடுத்தார். கல்லூரியின் முத்திரை பதித்த பழைய லென்ஸ்.

‘டிப்பார்ட்மென்ட் லென்ஸு. திருப்பிக் குடுக்கல’ என்றார் நஸ்ரீனிடம். ‘பருப்புல பூஞ்சை பாக்க வச்சிக்கிட்டேன். நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன் மேடம்.’

‘நீங்களே வச்சிக்குங்கம்மா’ என்றார் நஸ்ரீன்.

பழைய செடியையும் புதுத் தண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். நான் திருத்தச் சீட்டு எழுதினேன். செடியின் பெயர், இடம், சேகரித்தவர் அம்சவேணி, எண் 112. அதன் கீழே, ‘முந்தைய சீட்டில் இடம் தவறுதலாக ஜவ்வாது மலை என்று எழுதப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடப் போனேன்.

‘தவறுதலாவா சார்?’ என்றார்.

பேனா நின்றது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ‘தெரிந்தே’ என்ற சொல்லை எளிதாக எழுதிவிட்டேன். மில் வாசலில் கத்தவும் முடிந்தது. ஆனால் அங்கே, நூறு ஆண்டுகள் இருக்கப்போகிற தாளில், ‘தவறுதலாக’ என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே ‘என்னால் தெரிந்தே’ என்று எழுத வெகுநேரம் பிடித்தது.

‘இந்தப் பொய்ச் சீட்டை எடுத்துவிடலாமா?’ என்று நஸ்ரீனைக் கேட்டேன். என் கை அதை நோக்கிப் போய்விட்டது.

‘எடுக்காதீங்க’ என்றார் அம்சவேணி. ‘எவ்வளவு தப்பா இருந்தாலும் எடுக்கக் கூடாது, பக்கத்துல ஒட்டணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. அது அங்கயே இருக்கட்டும் சார்.’

அவருடைய பழைய அட்டையை வெள்ளை நூலால் அதே தண்டில், அதே தடத்தில் கட்டினார். இரண்டு முடிச்சு. பிறகு இன்னொரு அட்டையில் அதையே வரி மாறாமல் பிரதி எடுத்து, உதிர்ந்த பழங்களைப் போட்டு வைக்கிற காகித உறைக்குள் நுழைத்தார்.

வாசல் வரை கூடவே போனேன். ‘மன்னிச்சிடும்மா’ என்றேன். மாணவியாக இருந்தபோது அழைத்தது போலவே வந்துவிட்டது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். ‘பழம் முத்தாம எந்தக் கோரைக்கும் பேரு சொல்லாதன்னு சொல்லுவீங்க இல்ல சார். இதுவும் அப்படித்தான். இப்ப கேக்காதீங்க.’ ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்.

நான் இங்கிலாந்து திரும்பி ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் நஸ்ரீன் ஒரு புகைப்படம் அனுப்பினார். தொட்டிப்பாறைக்கு மேலே, கல்லிச்சி வேருக்கடியில், அம்சவேணி முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் லென்ஸ். பின்னால் முனுசாமி மரத்தில் சாய்ந்து கொட்டாவி விடுகிறார். எனக்கென்று ஒரு வரியும் இல்லை. அதற்குப் பிறகு கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று பயம் வருகிறது. எடுத்துப் பார்க்கிறேன்.